பின்னால ஆள் இருக்கு

வேன் திரும்பி வந்தது; அப்பா வரவில்லை. இந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஒரே வரியில் சொல்வதென்றால் இவ்வளவுதான்.

போன வருஷம் அப்பாவும் மாப்பிள்ளையும் ஒரு நாள் சுற்றுலாவுக்குப் போனார்கள். காலையில் படகில் கடலோரத்தைச் சுற்றிப் பார்ப்பது, பிறகு கரையிறங்கி மலை முதுகு வழியாக ஏறி நடப்பது, சாயங்காலம் கலங்கரை விளக்கத்தில் வேன் ஏறி ஊர் திரும்புவது. வேனிலிருந்து மாப்பிள்ளை மட்டும் இறங்கினார். "கலங்கரை விளக்கம் வரைக்கும் மாமா என் பின்னாலதான் வந்தார். என் கண்ணால பாத்தேன்" என்றார். கலங்கரை விளக்கத்திலிருந்து கடல் முனை வரை சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

மகள் மட்டும் தேடுவதை விடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு; கடைக்கு வருகிற முதியவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பாள். முப்பத்தைந்து வயதாகியும் வீட்டில் அவள் 'பொடிசு'தான். அப்பா வைத்த பட்டம். அவர் போன பிறகு அதை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

போன வாரம் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். "அவர் நடந்த வழியில ஒரு தடவை நாம நடந்துட்டு வருவோம். மாப்பிள்ளை இடத்தைக் காட்டட்டும். அதுக்கப்புறம் இந்த வீட்டுல யாரும் தேடக் கூடாது. நானும் தேட மாட்டேன், நீயும் தேடக் கூடாது." பொடிசு தலையாட்டிவிட்டாள். தலையாட்டிய அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைய ஒரு நாள்தான் மிச்சம். இன்று ஒன்றும் தெரியவில்லை என்றால் அப்பா என்கிற கேள்விக்கே மூடி போட்டாயிற்று என்று அர்த்தம்.

படகுத்துறையில் அவர்களை முதலில் அடையாளம் கண்டது வழிகாட்டிதான். கழுத்தில் எப்போதும் ஊதலைத் தொங்கவிட்டிருப்பதால் அந்த அம்மாளுக்கு 'விசில்' என்றே பெயர். போன வருஷமும் இவள்தான் கூட்டிப்போனாள். மாப்பிள்ளையைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"சார்... நீங்க மறுபடியும் வருவீங்கன்னு நான் நெனக்கல."

"அத்தை ஆசைப்பட்டாங்க" என்றார் மாப்பிள்ளை. அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். காலையிலிருந்து சாயங்காலம்வரை 'கண்ணாடியப் பாரு, பின்னால பாரு' என்று தொண்டை வறளக் கத்துகிற மனுஷர். தூக்கத்தில்கூட 'பின்னால பாரு' என்பார் என்று பொடிசு கடையில் சொல்லிச் சிரித்த காலம் உண்டு. இன்று காலையிலிருந்து அவர் வாயைத் திறந்ததே இரண்டு தடவைதான்.

விசில், அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "என் வரிசையிலதாம்மா அவர் நடந்தார். நானும் சரியாத் தூங்கி ஒரு வருஷம் ஆச்சு."

"உன்னக் குத்தம் சொல்ல வரல தாயி" என்றாள் அம்மா. "வழியப் பாக்கத்தான் வந்திருக்கேன்."

படகில் இவர்களைத் தவிர ஒரு புதுமணத் தம்பதியும் மூன்று நண்பர்களும் இருந்தார்கள். தம்பதி ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்; கடல் பாவம், பின்னணிக்குத்தான் வந்திருந்தது. நண்பர்கள் மூவரும் ஆளுக்கொரு தொப்பியும் ஒருவர் தொப்பையைப் பார்த்து இன்னொருவர் சிரிப்புமாக இருந்தார்கள். காற்று துளிக்கூட இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. தூரத்தில் மலையின் மேல்பாதி இல்லை. பனி அதை விழுங்கியிருந்தது.

குகை வாய்க்கு வந்ததும் படகின் இஞ்சினை நிறுத்தினார்கள். உள்ளே இருட்டு. தண்ணீர் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, யாரோ உறங்குகிற அறை வாசலில் நிற்பது போலிருந்தது. புதுமாப்பிள்ளை சும்மா இருப்பாரா? இரண்டு கையையும் வாயருகே குவித்து "ஏய்!" என்று ஒரு கத்துக் கத்தினார்.

"ஏய்" என்றது குகை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "ஏய்."

எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் பொடிசின் காதோரம் குனிந்தாள். "ரெண்டாவது வந்தது அந்தப் பையன் குரல் இல்லடி."

பொடிசு குகை வாயைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா சும்மா எதையும் சொல்கிற ஆள் இல்லை. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்தவள். முகம் தெரியாதவர்களைக் குரலை வைத்தே, 'என்ன சார், ஜலதோஷமா?' என்று கேட்டவள்.

"குகைன்னா அப்படித்தாம்மா, குரலை மாத்திக் குடுக்கும்" என்று விசில் சிரித்தாள். ஆனாலும் இஞ்சினைச் சீக்கிரமே போடச் சொன்னாள்.

கரையிறங்கி மலையடிவாரத்துக்கு வந்ததும் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தாள் விசில். இதுவரை சிரித்தவள் இப்போது சிரிக்கவில்லை.

"நல்லாக் கேட்டுக்குங்க. நான் தலை எண்ண மாட்டேன். மேல பனி இறங்கிட்டா என் மூக்கு எனக்கே தெரியாது, எங்கேர்ந்து எண்றது? இங்க ஒவ்வொருத்தரும் தனக்குப் பின்னால வர்ற ஆளுக்குப் பொறுப்பு. 'பின்னால?'ன்னு நான் கத்துவேன். நீங்க திரும்பணும், பின்னால நிக்கிறவங்க தோளத் தொடணும், 'ஆள் இருக்கு'ன்னு சொல்லணும். அப்படியே ஒவ்வொருத்தரா சொல்லிட்டு வரணும். கடைசி ஆள் 'நான்தான் கடைசி'ன்னு சொல்லணும்."

"தொடலைன்னா அபராதமா?" என்றார் தொப்பிக்காரர்களில் ஒருவர்.

விசில், அம்மாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "போன வருஷம் வரைக்கும் திரும்பணும் தொடணும்னெல்லாம் கிடையாது சார். வாயால சொன்னாப் போதும். கடைசி ஆள் ஒண்ணுமே சொல்ல வேண்டாம். அதுக்கப்புறந்தான் மாத்தினேன்."

தொப்பிக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மாப்பிள்ளை குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

முன்னால் விசில், பிறகு நண்பர்கள், பிறகு தம்பதி, பிறகு மாப்பிள்ளை, பொடிசு. கடைசியில் அம்மா. "நீ நடுவுல வாம்மா" என்று பொடிசு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அவர் கடைசியில நடந்தார். நானும் கடைசியில நடக்கறேன்" என்று அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். அம்மா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

ஏற்றம் என்றால் அப்படி ஓர் ஏற்றம். சரளைக்கல் காலுக்கடியில் உருண்டு ஓடியது. சில இடங்களில் பாறையில் அடித்திருந்த இரும்புச் சங்கிலியைப் பிடித்துத்தான் உடம்பை மேலே இழுக்க வேண்டியிருந்தது. பொடிசுக்கு மூச்சு நெஞ்சில் நிற்கவில்லை. நாள் முழுக்க முக்காலியில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிற கால்கள் இதற்குப் பழகவில்லை. தொப்பிக்காரர்களின் சிரிப்பு முதல் வளைவிலேயே நின்றுவிட்டது. அறுபத்திரண்டு வயது அம்மாதான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சொல் பேசாமல் ஏறி வந்தாள்.

"பின்னால?"

"ஆள் இருக்கு." "ஆள் இருக்கு." "ஆள் இருக்கு." ஒவ்வொருவராகத் திரும்பித் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். மாப்பிள்ளை திரும்பிப் பொடிசின் தோளைத் தொட்டார். விரல்கள் ஐஸாக இருந்தன. பொடிசு அம்மாவைத் தொட்டாள். "நான்தான் கடைசி" என்றாள் அம்மா.

மலை முதுகை எட்டியபோது வழி இரண்டாகப் பிரிந்தது. மரக்கிளை பிரிவதுபோல் இருப்பதால் கவட்டை என்பார்களாம். இடது வழி கலங்கரை விளக்கத்துக்கு. வலது வழி கடலைப் பார்த்துச் சரிவாக இறங்கியது. அதன் வாயில் ஒரு கயிறு கட்டியிருந்தது. எல்லாரும் அங்கே நின்று தண்ணீர் குடித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் நிற்கவில்லை. வலதுபக்கம் ஒன்று இருப்பதே தெரியாதவர்போல், கழுத்தைத் திருப்பாமல் இடது வழியில் போய் ஒதுங்கி நின்றார்.

'என்ன இவர், கடிவாளம் போட்ட மாதிரி நிக்கறார்?' என்று பொடிசு நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள்.

கவட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள். பனி இறங்கிவிட்டது. எங்கிருந்தோ வந்து மூடியது என்று சொல்ல முடியாது. இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. முதலில் கடல் போனது. பிறகு பாதையின் ஓரம். பிறகு முன்னால் போன புதுமாப்பிள்ளையின் மஞ்சள் சட்டை. கடைசியில் பொடிசுக்குத் தெரிந்ததெல்லாம் தன் கணவரின் முதுகும் காலடியில் இருந்த கல்லும்தான்.

"பின்னால?" விசிலின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"ஆள் இருக்கு." "ஆள் இருக்கு." வரிசை வந்தது. பொடிசு திரும்பி அம்மாவின் தோளைத் தொட்டு, "ஆள் இருக்கு" என்றாள்.

அம்மா நிதானமாகச் சொன்னாள்: "ஆள் இருக்கு."

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது புதுப்பெண் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். விசில் வரிசையோரமாகத் தடவித் தடவிப் பின்னால் வந்தாள்.

"அம்மா, நீங்க கடைசி. 'நான்தான் கடைசி'ன்னு சொல்லணும்."

"கடைசி நான் இல்ல தாயி. கவட்டையிலேர்ந்து எனக்குப் பின்னால ஒரு ஆள் நடந்து வருது. நான் நின்னா ஒரு அடி வெச்சுட்டு நிக்குது."

"யாரும்மா?" பொடிசின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"திரும்பிப் பாத்தேன். பனிதான் இருக்கு."

விசில் கடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஊதலைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "நீங்க என் பின்னாலயே வாங்கம்மா. கையப் பிடிச்சுக்குங்க." அம்மாவை முன்னால் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது பொடிசுதான் கடைசி. அவளுக்கு முன்னால் மாப்பிள்ளை.

"அம்மா சொன்னதக் கேட்டீங்களா?" என்றாள் அந்த முதுகைப் பார்த்து.

"அத்தைக்கு அசதி. பேசாம நட" என்றார். நடையை எட்டிப் போட்டார்.

நடந்தாள். பின்னால் என்ன கேட்கிறது என்று கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். தன் காலடி. அது மட்டும்தான். இல்லை, அது மட்டும்தானா? அவள் கால் வைத்த பிறகு, சரளை இன்னொரு முறை நொறுங்கியதா? திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். கழுத்து திரும்ப மறுத்தது.

"பின்னால?"

வரிசை வந்தது. மாப்பிள்ளை திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டிக் காற்றில் துழாவினார். அது அவள் தோளுக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. "ஆள் இருக்கு!" என்றார்.

"நான்தான் கடைசி" என்று பொடிசு சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு நடக்கும்போதுதான் அது உறைத்தது. தொடவில்லை. திரும்பவே இல்லை. தொண்டை வறள 'பின்னால பாரு' என்று கத்துகிற மனுஷர், பெண்டாட்டி கடைசியில் தனியாக வரும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

இன்றைக்கே இப்படி என்றால், அன்றைக்கு?

அந்த நினைப்பு வந்ததும் அவள் கால்கள் நின்றுவிட்டன. வேண்டுமென்று நிறுத்தினாளா, தானாக நின்றதா என்று அவளுக்கே தெரியாது. கணவரின் முதுகு வெளிறி, மங்கி, பனியோடு பனியாயிற்று. காலடிச் சத்தங்கள் தேய்ந்தன. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள், கூப்பிடவில்லை. அவர் திரும்புகிறாரா என்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

அவளுக்குப் பின்னால் ஒரு கல் உருண்டது.

அவள் திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பயம் என்றால் என்னவென்று அவளுக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்தது. திரும்பிப் பார்க்காத கணவரை வெறுக்கவும் முடியவில்லை.

வெகு முன்னால், மெலிந்து, விசிலின் குரல். "பின்னால?"

"ஆள் இருக்கு." அது அம்மா. பிறகு தொப்பிக்காரர்கள். பிறகு தம்பதி.

பொடிசு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். 'திரும்புங்க. ஒரு தடவை திரும்புங்க. நான் இல்லைன்னு சொல்லுங்க.' வேண்டிக்கொண்டாள் என்றே சொல்லலாம்.

"ஆள் இருக்கு!" என்றது அவள் கணவரின் குரல். திடமாக, கொஞ்சங்கூடத் தயங்காமல்.

பிறகு அமைதி. கடைசி ஆள் பேச வேண்டிய இடம்.

"கடைசி எங்க சத்தத்தையே காணோம்?" என்று விசில் கேட்டாள்.

"வராங்க வராங்க, மூச்சு வாங்குது. நீங்க நடங்க!"

நடந்தார்கள். அவளை விட்டுவிட்டு அந்தக் காலடிச் சத்தங்கள் எல்லாம் நடந்து போயின.

பொடிசு ஓடினாள். எப்படி ஓடினாள் என்று கேட்காதீர்கள். முழங்கால் பாறையில் இடித்து ரத்தம் வந்தது அவளுக்குச் சாயங்காலம்தான் தெரியப்போகிறது. "நில்லுங்க! எல்லாரும் நில்லுங்க!" என்ற அவள் அலறலில் ஊதல் சத்தம் எழுந்தது. வரிசை நின்றது. பனிக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் முகம் வெளிப்பட்டது. ஈயாடவில்லை அதில்.

"நீ... நீ பின்னாலதானே வந்துட்டு இருந்தே?"

"இல்ல. அங்கேயே நின்னுட்டேன்."

"பொய் சொல்லாத. உன் காலடிச் சத்தம் கேட்டுச்சு. இத்தன நேரமும் என் பின்னாலயே கேட்டுச்சு!"

பொடிசு அவர் சட்டையைப் பிடித்தாள். "அன்னிக்கு அப்பாவைக் கடைசியா எங்க திரும்பிப் பாத்தீங்க?"

"கலங்கரை விளக்கத்துலன்னு எத்தன தடவ..."

"மழுப்பாதீங்க. என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க. எங்க திரும்பிப் பாத்தீங்க?"

அம்மா வரிசையைத் தடவிக்கொண்டு வந்து அவருக்கு எதிரே நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரை உடைத்தது.

"கவட்டையில பாத்தேன் அத்தை" என்றார். உதடு கோணியது. "அங்க நின்னு தண்ணி குடிச்சார். எனக்குக் கால் பிடிச்சுக்கிச்சு, சீக்கிரம் போயிடணும்னு இருந்துச்சு. அப்புறம் நான் திரும்பவே இல்ல. கூப்பிட்டப்பல்லாம் இருக்கார், இருக்கார்னு சொன்னேன். பொய் இல்ல அத்தை, அவர் நடக்கற சத்தம் கேட்டுச்சு. கலங்கரை விளக்கம் வரைக்கும் என் பின்னாலயே கேட்டுச்சு. அங்க போய்த் திரும்பினா ஆள் இல்ல."

"கண்ணால பாத்தேன்னு சொன்னீங்களே" என்றாள் பொடிசு.

"எல்லாரும் சுத்தி நின்னு எங்க எங்கன்னு கேட்டாங்க. பாத்தேன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் ஆளுங்க தேட ஆரம்பிச்சுட்டாங்க. எப்படி மாத்திச் சொல்றது? இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... அதுக்குள்ள தேடறதையே நிறுத்திட்டாங்க."

பொடிசுக்கு அழுகை வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. ஒரு வருஷம் இவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறாள். அப்பா எங்கே போயிருப்பார் என்று இவர் தோளில் சாய்ந்துதான் கேட்டிருக்கிறாள். இவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்திருக்கிறார்.

விசில் எல்லாரையும் கையைக் கோத்துக்கொள்ளச் சொல்லிக் கவட்டைக்கே திருப்பிக் கூட்டிவந்தாள். அங்கே பனி கொஞ்சம் கிழிந்திருந்தது. அவள் கயிற்றருகே போய்ப் பாறையில் உட்கார்ந்தாள்.

"அப்ப அவர் போனது இந்தப் பக்கம்" என்றாள். "அப்ப இந்தக் கயிறு கிடையாது, பனியில வழி தெரியாம இறங்கியிருக்கணும். இந்தப் பக்கம் நாங்க ஒரு நாள்கூடத் தேடலம்மா. தேட வேண்டிய அவசியமே இல்லைன்னு இருந்துட்டோம்."

"கீழ என்ன இருக்கு?" என்றாள் அம்மா.

"பாறைக்கு நடுவுல ஒரு சின்னக் கரை. எப்பவோ வலை காய வைக்கிறவங்க கட்டின கல்வீடு ஒண்ணு, பாதி இடிஞ்சது. பாறையில தண்ணி கசியும், குடிக்கலாம். ஆனா இறங்கறவங்க கால் கீல் பிசகிட்டா மறுபடி ஏறி வர முடியாது."

தண்ணீர் இருக்கிறது. கூரை இருக்கிறது. பொடிசு அதை நினைத்துப் பார்த்தாள். நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "முனையில நீங்க தேடினப்ப ஊதினீங்களே, அந்த விசில் சத்தம் அங்க கேக்குமா?"

விசில் கழுத்திலிருந்த ஊதலைக் கழற்றி மடியில் வைத்தாள். "கேக்கும். நல்லாவே கேக்கும்."

புதுப்பெண் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு. சொல்லாம இருக்க முடியல" என்றாள் விசில். இப்போது அவள் மாப்பிள்ளையைத்தான் பார்த்தாள். "மூணாவது நாள் சாயங்காலம், இருட்டறதுக்கு முன்னால, இந்தத் திசையிலேர்ந்து ஒரு குரல் வந்துச்சு. நான் கேட்டேன். என்கூட இருந்த ரெண்டு பேரும் கேட்டாங்க. வாங்க போய்ப் பாத்துடலாம்னு கிளம்பிட்டோம். சார்தான் கையப் பிடிச்சு நிறுத்தினார். அது காத்துன்னார். மாமா இந்தப் பக்கம் வரவே இல்ல, நான்தான் பாத்தேனேன்னார்."

அம்மாவின் உதடு அசைந்தது. அன்றைக்குத் தானும் வருகிறேன் என்று அவள் கெஞ்சியதும், 'நீங்க வீட்ல இருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்' என்று இவர் தடுத்ததும் பொடிசுக்கு நன்றாக நினைவிருந்தது. அம்மா அங்கே இருந்திருந்தால் அந்தக் காது ஏமாந்திருக்குமா?

"காத்துன்னுதான் நெனச்சேன்" என்றார் மாப்பிள்ளை. "சத்தியமா, காத்துன்னுதான் நெனச்சேன் பொடிசு."

"நெனச்சீங்களா? நெனச்சுக்கிட்டீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் அது வந்தது.

வலதுபுறம், சரிவின் அடியிலிருந்து, பனியைத் துளைத்துக்கொண்டு ஒரு சத்தம் மேலே ஏறிவந்தது. நீளமாக எழுந்து, நடுவில் உடைந்து, மறுபடி எழுந்தது. தொப்பிக்காரர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் நெருங்கி நின்றுகொண்டார்கள். புல் நுனிகூட ஆடவில்லை. எல்லாருடைய பார்வையும் மாப்பிள்ளையின் மேல் போயிற்று. அவர் வாயைத் திறந்தார். இந்தத் தடவை அது காற்று என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அம்மா குனிந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்தாள்.